பி.ஜி.சி.இ. (ஓராண்டு ஆசிரியர் பயிற்சி) படிக்க இங்கிலாந்து வந்தவர்களுக்கு: லெசன் பிளானும் ஜெபமும்

போன வாரம் ஒரு தங்கை எனக்கு எழுதியிருந்தார். "அக்கா, செப்டம்பரில் டீச்சர் டிரெய்னிங் ஆரம்பித்தேன். ஸ்கூலுக்குப் போகும் பஸ்ஸிலேயே கண் கலங்கிவிடுகிறது. ஊரில் இருந்தவரை காலை மாலை ஜெபம் தவறாது. இங்கே முழங்கால் போட்டால் தூக்கம்தான் வருகிறது. விசுவாசமே போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது." பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுகொண்டே போனது. இதே நிலைமையில் இன்னும் சிலர் இருப்பீர்கள், அதனால் தனி இழையாகவே போடுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. பாளையங்கோட்டைக்காரி. எங்கள் வீட்டில் தடுக்கி விழுந்தால் ஒரு டீச்சர் மேல்தான் விழ வேண்டும்: தாத்தா, அம்மா, பெரியம்மா, இரண்டு சித்திமார். எல்லாரும் மிஷன் பள்ளிக்கூடங்களில் சாக்பீஸ் பிடித்தவர்கள். நான் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, பி.எட். இல்லாமலே ஒரு மெட்ரிக் பள்ளியில் மூன்று வருடம் கணக்கு எடுத்தேன். அப்புறம் ஈஸ்ட் மிட்லாண்ட்ஸில் கணக்கு பி.ஜி.சி.இ. இப்போது இங்கேயே ஒரு செகண்டரி பள்ளியில் வேலை. சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவள் என்பதால் இதில் வேத வசனம் வரும். வேறு சாமி கும்பிடுகிறவர்கள் தங்கள் சாமியை அந்த இடத்தில் வைத்துப் படியுங்கள். கும்பிடாதவர்கள் அந்த வரிகளைத் தாண்டிப் போனாலும் மிச்சம் உதவும்.

இன்னும் விண்ணப்பிக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏற்கெனவே பி.எட்.டும் அனுபவமும் உள்ள கணக்கு, அறிவியல், மொழி ஆசிரியர்கள் இந்தியாவிலிருந்தே நேரடியாகக் கியூ.டி.எஸ். என்ற இங்கிலாந்து ஆசிரியர் தகுதிக்கு விண்ணப்பிக்க 2023 முதல் வழி இருக்கிறது. பிரிட்டன் அரசின் இணையதளத்தில் அதை முதலில் பாருங்கள். தேவையில்லாமல் ஒரு வருட ஃபீஸ் கட்டிவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

வந்துவிட்டவர்களுக்கு படிப்பின் அமைப்பு தெரிந்திருக்கும். செப்டம்பரிலிருந்து ஜூன் வரை. அதில் குறைந்தது 120 நாள் பள்ளியில்தான், அதுவும் இரண்டு பள்ளிகளிலாவது இருக்க வேண்டும். 2012 முதல் நடப்பில் இருக்கும் டீச்சர்ஸ் ஸ்டாண்டர்ட்ஸ் என்ற ஆசிரியர் தர விதிகள், அதில் எட்டுத் தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் நீங்கள் தேறியதற்கு ஆதாரம். டி.பி.எஸ். என்ற குற்றப் பின்னணிச் சோதனை, ஊரிலிருந்து போலீஸ் கிளியரன்ஸ். வாரம் ஒருமுறை மென்டரோடு (பள்ளியில் நமக்கு வழிகாட்டும் ஆசிரியர்) உட்கார்ந்து பேச்சு. காகிதத்தில் இவ்வளவுதான். ஆனால் நவம்பர் மாதம் எப்படி இருக்கும் என்று எந்தக் கையேட்டிலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புவீர்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியதும் நாள் சட்டென்று குறுகிவிடும். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். எனக்குக் கிடைத்த பள்ளி ஒரு சின்ன ஊரில். இரண்டு பஸ், ஒன்றேகால் மணி நேரம். வழியெல்லாம் தட்டையான வயல்வெளி, கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மேடுகூடக் கிடையாது. 'எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக' என்று சிறு வயதிலிருந்து மனப்பாடம் செய்த சங்கீதத்தை அந்த பஸ்ஸில் சொல்லிப் பார்ப்பேன். பார்க்கத்தான் பர்வதம் இல்லை.

இனி கமா கதை. இதைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

இயர் 9 (பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள்), நான்காவது செட். அதாவது கணக்கில் மிகவும் பின்தங்கிய பிள்ளைகள். அன்று ஐந்தாவது பீரியட், கடைசி. பாடம் ஸ்டாண்டர்ட் ஃபார்ம், பெரிய எண்களைப் பத்தின் அடுக்காக எழுதுவது. பின்வரிசையில் மென்டர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார். பூமியிலிருந்து சூரியன் எவ்வளவு தூரம் என்று கேட்டு, கிலோமீட்டரில் போர்டில் எழுதினேன்: 15,00,00,000. கை பழகிய பழக்கம். வகுப்பு அமைதியாகிவிட்டது. நன்றாகப் போகிறது என்று நினைத்தேன். ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த பையன் கையைத் தூக்கி, "மிஸ், உங்க கமா எல்லாம் எடம் மாறி உக்காந்திருக்கே" என்றான். திரும்பிப் பார்த்தேன். இவர்களுக்கு மும்மூன்றாகத்தான் கமா, 150,000,000. பதறிப்போய், "பதினைந்து கோடி" என்றேன், 'க்ரோர்' என்று ஆங்கிலத்தில். அவ்வளவுதான். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. அதற்கப்புறம் ஒரு வாரம் காரிடாரில் என்னைக் கண்டாலே ஒருவன் "க்ரோர்!" என்று கத்துவான், வேறொருவன் காக்கா மாதிரி அதையே திருப்பிக் கத்துவான்.

ஊரில் என் வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும். அது என் திறமை என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்த அமைதியில் பெரும் பங்கு பிரம்புக்கும், பி.டி. சாருக்கும், "அப்பாவைக் கூட்டிட்டு வா" என்ற ஒரு வரிக்கும் உரியது என்று இங்கே வந்துதான் தெரிந்தது. இங்கே அரசுப் பள்ளிகளில் அடிப்பது 1987 முதலே சட்டப்படி கிடையாது. குரலை உயர்த்தினால் பிள்ளைகள் அதையும் ஒரு வேடிக்கையாகப் பார்ப்பார்கள். உங்கள் கையில் இருப்பது சீட்டிங் பிளான், பள்ளியின் நடத்தை விதி, பொறுமை, இந்த மூன்றும்தான்.

அன்று இரவு நான் செய்தது இதுதான்: அடுத்த பாடத்துக்கு 34 ஸ்லைடு. எதுவும் தப்பாகப் போய்விடக் கூடாது என்று ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று விதமாக விளக்கம், அதற்கு ஒரு படம், அதற்கு ஒரு வர்க்‌ஷீட். படுக்கும்போது மணி இரண்டு. ஐந்தே முக்காலுக்கு அலாரம். இப்படியே மூன்று வாரம்.

வீட்டில் அம்மா கேட்டால், "நல்லா இருக்கேன்." மென்டர் கேட்டால், "ஐ ஆம் ஃபைன்." பல்கலைக்கழக டியூட்டர் ஈமெயிலில் கேட்டால் ஒரு சிரிக்கும் பொம்மை. உண்மையைச் சொன்ன ஒரே இடம் பஸ்ஸில் செய்த ஜெபம். கர்த்தரிடம் சொல்லியாச்சே, இன்னும் யாரிடம் சொல்ல வேண்டும் என்ற எண்ணம். அதற்கு நான் விசுவாசம் என்று பெயர் வைத்திருந்தேன். இப்போது யோசித்தால் அதில் பாதி விசுவாசம், பாதி வெட்கம். டீச்சர் வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் நடத்தத் தெரியவில்லை என்று யாருக்கும் தெரியக் கூடாது என்ற வெட்கம்.

அது எப்படி உடைந்தது என்றால், ஒரு நாள் மத்தியானம் கணக்குத் துறை அறையில் கெட்டிலில் தண்ணீர் வைத்துவிட்டு நின்றபடியே தூங்கிவிட்டேன். சுவரில் சாய்ந்து, கையில் காலி மக். மென்டர் வந்து தோளைத் தொட்டார். "நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாய்?" என்றார். பொய் சொல்ல வாய் வரவில்லை. லேப்டாப்பைத் திறக்கச் சொன்னார். 34 ஸ்லைடையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தார். என் வயிறு எரிகிறது, அவர் பாட்டுக்கு அழித்துக்கொண்டே போகிறார். ஆறு மிச்சம். "இதுவே ஒரு மணி நேரத்துக்கு அதிகம்" என்றார். அப்புறம் அவருடைய மதிய சாண்ட்விச்சில் பாதியைப் பிய்த்து என் பக்கம் தள்ளினார். அவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது, அதை முன்பே சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தப் பாதி சாண்ட்விச்சை நான் அப்பமாகத்தான் எடுத்துக்கொண்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து வேதத்தில் யாத்திராகமம் 16ஆம் அதிகாரம் எடுத்துப் படித்தேன், வானத்திலிருந்து வந்த அப்பமான மன்னாவின் கதை. ஞாயிறு பள்ளியில் நூறு தடவை கேட்டது. வனாந்தரத்தில் தினமும் காலையில் அன்றைக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொள்ள வேண்டும். பயந்துபோய் மறுநாளைக்கு என்று எடுத்துவைத்தவர்களுக்கு அது புழு பிடித்து நாறிப்போனது. என் 34 ஸ்லைடில் 28 நாறிப்போன மன்னாதான். ஆனால் சிறுவயதில் நான் கவனிக்காத ஒன்று அதிலேயே இருந்தது: ஆறாம் நாள் மட்டும் இரண்டு மடங்கு எடுக்கலாம், அது கெட்டுப்போகாது, ஏழாம் நாள் ஓய்வு.

இதை அப்படியே டைம்டேபிளாக மாற்றிக்கொண்டேன். கேட்டால் சிரிப்பீர்கள், ஆனால் இன்றுவரை நடக்கிறது. செவ்வாய் முதல் வியாழன் வரை மறுநாள் பாடத்துக்கு மட்டும் தயாரிப்பு, இரவு ஒன்பதரைக்கு லேப்டாப் மூடல். ஒரு பாடத்துக்கு நாற்பது நிமிடத்துக்கு மேல் செலவழிப்பதில்லை. துறையின் பொது ஃபோல்டரில் ஏற்கெனவே இருக்கும் ஸ்லைடை எடுத்து என் வகுப்புக்கு ஏற்றபடி வெட்டுவேன், புதிதாகச் செய்ய மாட்டேன். (அதை எடுப்பது காப்பி அடிப்பது மாதிரி எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. இங்கே அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள்.) வெள்ளிக்கிழமை மட்டும் பள்ளி விட்டதும் வீட்டுக்கு ஓடாமல் ஐந்தரை வரை அங்கேயே உட்கார்ந்து திங்கள், செவ்வாய் இரண்டுக்கும் முடித்துவிடுவேன். சனிக்கிழமை பல்கலைக்கழகக் கட்டுரை, துணி துவைப்பது, சமையல். ஞாயிறு லேப்டாப் பைக்குள். அசைன்மென்ட் கெடு இருந்தாலும் பைக்குள்தான். முதல் ஞாயிறு கை நடுங்கியது, உண்மையைச் சொல்கிறேன்.

மத்தேயு ஆறாம் அதிகாரத்தின் கடைசி வரி, 'அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்.' எங்கள் வீட்டில் யாராவது ரொம்பக் கவலைப்பட்டால் பெரியம்மா இதைத்தான் சொல்வார். ஆறுதல் வார்த்தை என்று நினைத்திருந்தேன். டிரெய்னிங் வருடத்தில் அது வேலை அட்டவணையாகவே இருந்தது. இன்றைக்கு ஐந்து பீரியடா, ஐந்து பீரியடின் பாடு போதும். ஜூனில் கியூ.டி.எஸ். கிடைக்குமா, வேலை கிடைக்குமா, விசா என்ன ஆகும் என்பதெல்லாம் இந்த ஐந்து பீரியடுக்குள் வரக் கூடாது.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் இரவு எட்டரைக்கு. செப்டம்பரில் அது இங்கே மாலை நான்கு மணி, நான் பஸ்ஸுக்குக் காத்திருப்பேன், வாட்ஸப்பில் சேர்ந்துகொள்வேன். அக்டோபரில் கடிகாரம் மாறியதும் அது மூன்று மணிக்கு வந்துவிட்டது. அதாவது சரியாக ஐந்தாவது பீரியடின் கடைசிப் பத்து நிமிடம், இயர் 9. சேர முடியாது என்று அம்மாவிடம் சொன்னேன். "பரவாயில்லட்டி, அந்த நேரத்துல எந்தக் கிளாஸ் இருக்கும், சொல்லு. நாங்க அதுக்கு ஜெபிச்சிக்கிடுதோம்" என்றாள். சொன்னேன். "ரொம்பச் சேட்டை பண்ணுதது யாரு? பேரைச் சொல்லு" என்றாள். பிள்ளைகள் பெயரை வெளியே யாரிடமும் சொல்லக் கூடாதும்மா, இங்கே அது பெரிய குற்றம் என்றேன். அம்மாவும் டீச்சர்தானே, புரிந்துகொண்டாள். அன்று முதல் வீட்டு ஜெபத்தில் ஒரு வரி சேர்ந்தது என்று தம்பி சொன்னான்: "ஆண்டவரே, அந்த ஜன்னலோரத்துப் பையனையும் ஆசீர்வதியும்."

அதனால் அந்தப் பையன் திருந்திவிட்டான் என்று நான் சொல்லப்போவதில்லை. சாட்சி சொல்லும் கூட்டங்களில் கேட்கிற மாதிரி எதுவும் நடக்கவில்லை. மாறியது ஒன்றுதான். மூன்று மணி ஆனதும் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பேன், பாளையங்கோட்டையில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைப்பு வரும். அந்தப் பத்து நிமிடம் அவனைப் பார்க்கும்போது கோபம் கொஞ்சம் குறைவாக வரும். ஜனவரியில் ஒரு நாள் துணிந்து இந்தியக் கமாவையே பாடமாக வைத்தேன். லட்சம், கோடி என்றால் என்ன, எங்கள் ஊரில் ஏன் முதலில் மூன்று, பிறகு இரண்டிரண்டாகப் பிரிக்கிறோம் என்று. ஒரு வருடத்துக்கு எத்தனை நொடி என்று கண்டுபிடித்து எங்கள் முறையில் எழுதச் சொன்னேன். மினி ஒயிட்போர்டை முதலில் தூக்கிக் காட்டியது அவன்தான்: 3,15,36,000. கமா எல்லாம் சரியான இடத்தில். அடுத்த நாள் மறுபடி டிடென்ஷன் வாங்கினான், அது வேறு கதை.

பள்ளியில் உங்கள் விசுவாசத்தைப் பற்றி எவ்வளவு பேசலாம்? இதில் நம் ஆட்கள் இரண்டு பக்கமும் தவறுகிறார்கள். சட்டப்படி இங்கே அரசு நிதி பெறும் பள்ளிகளில் தினமும் ஒரு கூட்டு வழிபாடு இருக்க வேண்டும், அது பெரும்பாலும் கிறிஸ்தவத் தன்மையோடு இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு, அடடா நம் ஊர் மிஷன் பள்ளி மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். பல பள்ளிகளில் அது நட்பு, நேர்மை, மறுசுழற்சி பற்றிய அசெம்பிளியாகத்தான் இருக்கும். அதோடு டீச்சர்ஸ் ஸ்டாண்டர்ட்ஸின் இரண்டாம் பகுதியைக் கட்டாயம் படியுங்கள். வேறு மத நம்பிக்கைகளை மதிக்க வேண்டும், சொந்த நம்பிக்கைகளைப் பிள்ளைகளின் பலவீனத்தைப் பயன்படுத்தித் திணிக்கக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. அழுகிற பிள்ளையிடம் "உனக்காக ஜெபிக்கட்டுமா" என்று கேட்பது நமக்கு அன்பாகத் தோன்றும். அங்கே நீங்கள் செய்ய வேண்டியது, கேட்டதைக் குறித்துவைத்து, பள்ளியில் பிள்ளைகள் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் அன்றே சொல்வது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று பிள்ளையிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். ஜெபம் வீட்டுக்கு வந்தபிறகு, பெயர் சொல்லாமல்.

அதே சமயம் ஒளிக்கவும் வேண்டாம். "மிஸ், நீங்க சாமி கும்பிடுவீங்களா?" என்று கண்டிப்பாக ஒருவன் கேட்பான். "ஆமாம், நான் கிறிஸ்தவள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவேன். இப்போ ஏழாவது கணக்கைப் போடு" என்பது போதும்.

சபை தேடுவது பற்றிச் சுருக்கமாக. லண்டனைச் சுற்றி இருப்பவர்களுக்குக் கவலையில்லை, தமிழ் ஆராதனை எங்காவது இருக்கும். சின்ன ஊரில் மாட்டிக்கொண்டவர்கள் பக்கத்தில் இருக்கும் ஆங்கிலிக்கன் அல்லது மெதடிஸ்ட் ஆலயத்துக்குத் துணிந்து போங்கள். நான் போன இடத்தில் மொத்தம் முப்பது பேர், என்னைத் தவிர எல்லாருக்கும் அறுபதுக்கு மேல். பாட்டு மெதுவாக இருக்கும், பிரசங்கம் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். நம் ஊர் கன்வென்ஷன் பந்தலில் வளர்ந்தவர்களுக்கு இது ஆராதனையா என்றே தோன்றும். ஆனால் முடிந்தபின் ஹாலில் டீ கொடுப்பார்கள், அதற்கு இருங்கள். நழுவிவிடாதீர்கள். என் பள்ளிக்குக் காரில் கூட்டிப்போக ஆள் கிடைத்தது அந்த டீயில்தான். ரிட்டையர்டு டீச்சர் ஒருவர், அந்தப் பக்கம்தான் பேரனைக் கொண்டுபோய் விடுவாராம். ஒன்றேகால் மணி நேரம் இருபத்தைந்து நிமிடமாகிவிட்டது. கத்தோலிக்கர்களுக்கு நார்ஃபோக்கில் வால்சிங்ஹாம் மாதா திருத்தலம் இருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் அங்கே தமிழர் திருயாத்திரை நடக்கும், ஆயிரக்கணக்கில் சனம், இந்துக்களும் வருவார்கள். ஊர்த் திருவிழா முகம் பார்க்க வேண்டுமென்றால் போய்விட்டு வாருங்கள்.

பிப்ரவரி அரைப்பருவ விடுமுறையில் நான் ஆக்ஸ்ஃபோர்டு போனேன். வால்டன் தெருப் பக்கம் செயின்ட் செபல்கர் என்ற பழைய கல்லறைத் தோட்டத்தில் ஜி.யு. போப்பின் கல்லறை இருக்கிறது. திருக்குறளை 1886இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர் என்றுதான் எல்லாருக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் அவர் சாயர்புரத்துப் போப்பையர், பள்ளிக்கூடம் நடத்தியவர், கண்டிப்புக்குப் பேர்போனவர். 1839இல் பத்தொன்பது வயதில் கடல் கடந்து வந்து, தெரியாத பாஷையில் பேசி, தெரியாத ஊர்ப் பிள்ளைகளுக்கு நடுவில் நின்றவர். முதல் வருடம் அவரைப் பார்த்தும் பையன்கள் சிரித்திருப்பார்கள்தானே? அவர் தமிழை எப்படி உச்சரித்திருப்பாரோ. குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து வைத்த கல் என்று அதில் பொறித்திருக்கிறது. மழை தூறிக்கொண்டிருந்தது, யாருமில்லை. கொஞ்ச நேரம் நின்று, என் இயர் 9 பற்றி அவரிடம் புலம்பிவிட்டு வந்தேன். எங்கள் சபையில் இறந்தவர்களிடம் பேசும் வழக்கமில்லை. சக டீச்சரிடம் பேசினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, காலையில் எழவே பிடிக்கவில்லை என்றால் அதை விசுவாசக் குறைவு என்று நினைத்து இன்னும் அதிகமாக உபவாசம் இருக்காதீர்கள். ஜி.பி.யிடம் (பகுதி டாக்டர்) போங்கள். வந்ததும் ஜி.பி.யில் பதிவு செய்யாதவர்கள் இன்றே செய்யுங்கள். டியூட்டரிடம் சொன்னால் கெடுவை நீட்டிக்கவும், சில சமயம் படிப்பையே கொஞ்ச காலம் நிறுத்திவைத்துப் பிறகு தொடரவும் வழி இருக்கும். நிறுத்திவைப்பது விசாவைப் பாதிக்கும், ஆகவே பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் அதைச் செய்யாதீர்கள். நடு இரவில் யாரிடமாவது பேசியே ஆக வேண்டும் என்றால் சமாரிட்டன்ஸ் என்ற உதவி அமைப்பு, 116 123, இலவசம். ஆசிரியர்களுக்கென்றே எஜுகேஷன் சப்போர்ட் என்ற அறக்கட்டளையின் உதவி எண்ணும் உண்டு. என்னோடு படித்த ஒரு பிள்ளை, வேறு மாநிலத்துக்காரி, "ஜெபித்தால் சரியாகிவிடும்" என்று வீட்டில் சொன்னதை நம்பிக் கடைசிவரை யாரிடமும் சொல்லாமல் மார்ச்சில் ஊருக்குத் திரும்பிவிட்டாள். அவளுடைய ஜெபத்தில் குறை இருந்ததாக நான் நினைக்கவில்லை.

கீழே வந்த கேள்விகளுக்குச் சேர்த்துப் பதில்:

வெள்ளிக்கிழமை ஜும்ஆ பற்றிக் கேட்ட தம்பிக்கு: பிளேஸ்மென்ட் (பயிற்சிப் பள்ளி) உறுதியாகும் முன்பே டியூட்டரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். குளிர்காலத்தில் ஜும்ஆ மதிய இடைவேளை நேரத்தை ஒட்டியே வரும். தொழ ஒரு காலி அறை கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். என்னோடு இருந்த ஒருவர் டைம்டேபிள் போடும் முன்பே கேட்டதால் வெள்ளி நான்காவது பீரியடை அவருக்குக் காலியாக வைத்தார்கள். போட்டபிறகு கேட்டால் சிரமம்.

திருநீறு பூசிக்கொண்டு போகலாமா என்று கேட்ட தங்கைக்கு: தாராளமாக. பிள்ளைகள் கேட்பார்கள், ஒரு வரியில் பதில் சொல்லுங்கள். தைப்பூசத்துக்கு லீவு வேண்டுமென்றால் செப்டம்பரிலேயே கேட்டுவையுங்கள், கொடுப்பது அந்தப் பள்ளியின் கையில். லண்டனில் ஹைகேட் முருகனும் ஈஸ்ட் ஹாம் முருகனும் இருக்கிறார்கள், சனி ஞாயிறில் போய்க்கொள்ளலாம்.

விசா ஸ்பான்சர் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, அதற்கு வேறு இழை இருக்கிறது, இங்கே குழப்ப வேண்டாம்.

"அப்சர்வேஷனில் மென்டர் எப்போதும் குறைதான் எழுதுகிறார்" என்ற தம்பிக்கு: தாளில் இரண்டு பத்தி இருக்கும், நன்றாகப் போனது, இன்னும் நன்றாக ஆக்குவது. நாம் இரண்டாவதை மட்டும்தான் படிப்போம், வளர்ப்பு அப்படி. முதல் பத்தியை ஒரு தனி நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நான் அதை ஸ்தோத்திர நோட்டு என்பேன். 'பெயர்களைச் சரியாக உச்சரித்தார்' என்பதுதான் என் நோட்டில் முதல் வரி. அதைத் தவிர அன்று வேறெதுவும் நன்றாகப் போகவில்லை.

கடைசியாக, முதலில் எழுதிய தங்கைக்கு. முழங்கால் போட்டால் தூக்கம் வருகிறது என்றால் தூங்கு. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் 'போதும் கர்த்தாவே' என்று படுத்தபோது, தூதன் வந்து எழுப்பி அடை கொடுத்து, மறுபடி தூங்கவிட்டான். முதலில் பிரசங்கம் பண்ணவில்லை. நீ பஸ்ஸில் அழுகிறாயே, அதையே ஜெபமாக எடுத்துக்கொள்ளட்டும். நாளை காலை மென்டரைப் பார்த்ததும் "ஐ ஆம் ஃபைன்" என்று மட்டும் சொல்லாதே. அவர் நல்லவரா என்று உனக்குத் தெரியாது, சரி. அவரிடம் முடியாவிட்டால் டியூட்டரிடம் சொல். இருவரில் ஒருவரிடமாவது நாளைக்கே.

அந்தக் குடும்ப ஜெபம் என்ன ஆனது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரம் மறுபடி முன்னால் போனது. அம்மாவிடம் சொன்னேன், இனி எட்டரை என்றால் இங்கே நான்கு மணிம்மா, நான் பழையபடி போனில் சேர்ந்துக்கிடுதேன் என்று. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ அந்தப் பிள்ளைகள்லாம் வீட்டுக்குப் போயிருக்குமே" என்றாள். மறுநாளிலிருந்து வீட்டில் ஜெபத்தை ஏழரைக்கு மாற்றிவிட்டார்கள். அப்பாவுக்குத்தான் ஏழரை மணிச் செய்தி போய்விட்டது, இன்றுவரை முணுமுணுக்கிறார்.